நான்கு அலகு ஸ்கவுட் மடக்குக்கத்தி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய ஸ்கவுட் கத்தி ஒன்று கைக்கு வந்தவுடன் எழும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. அவற்றைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே இங்கே தொகுத்திருக்கிறோம். அமெரிக்காவில் 'ஸ்கவுட்', 'கேம்ப்' என்ற பெயர்களில் நூறாண்டுக்கு மேலாக விற்றுவரும் நான்கு அலகு (பிளேடு) மடக்குக்கத்திதான் பேசுபொருள். அதற்கு நெருங்கிய சுவிஸ் கத்திகளும் இடையிடையே வரும்.

ஸ்கவுட் கத்தின்னா சுவிஸ் ஆர்மி கத்திதானே?

இல்லை. வேலை ஒன்றுதான், வம்சம் வேறு. சுவிட்சர்லாந்தில் ஈபாக் என்ற ஊரில் கார்ல் எல்சனர் 1884இல் பட்டறை தொடங்கினார். 1891இல் அங்கிருந்து படைவீரர் கத்தி ராணுவத்துக்குப் போனது. 1897இல் மெல்லிய அதிகாரி கத்தி வந்தது. அந்தப் பட்டறைதான் இன்றைய விக்டரினாக்ஸ்.

அமெரிக்க பாய் ஸ்கவுட்ஸ் இயக்கம் 1910இல் தொடங்கியது. நியூயார்க் மாநிலம் வால்டன் ஊரில் இருந்த நியூயார்க் நைஃப் கம்பெனி சீக்கிரமே அதற்கு அதிகாரபூர்வக் கத்தி செய்து கொடுத்தது. 1920களில் துப்பாக்கிக்குப் பேர்போன ரெமிங்டன், கனெக்டிகட்டின் பிரிட்ஜ்போர்ட் ஆலையில் செய்த ஆர்எஸ் 3333 என்ற ஸ்கவுட் கத்தி வந்தது. பிறகு அல்ஸ்டர், கமில்லஸ், இம்பீரியல் என்று பட்டியல் நீள்கிறது. மூடிய நிலையில் சுமார் 3⅝ அங்குலம் (92 மி.மீ.) நீளம், இரு முனையும் உருண்டை, ஒரு முனையில் தொங்கவிட வளையம், உள்ளே நான்கு அலகு. இந்த அச்சு அன்றிலிருந்து பெரிதாக மாறவில்லை. சுவிஸ் வரிசையில் இதற்கு மிக நெருங்கியது 93 மி.மீ. 'பயனியர்'.

நாலு அலகுல ஒண்ணுதான் கத்தி மாதிரி இருக்கு. மத்த மூணும் எதுக்கு?

பெரிய அலகு வெட்ட. டின் ஓப்பனர் தகர டப்பா திறக்க. மூன்றாவது பாட்டில் ஓப்பனர். அதன் தட்டை நுனி ஸ்க்ரூ டிரைவராகவும் பயன்படும். நான்காவது குத்தூசி, தோல், கித்தான், மெல்லிய மரம் ஆகியவற்றில் துளை போட.

உள்ளமைப்பும் தெரிந்திருக்க வேண்டும். பின்னால் வரும் பதில்கள் பலவும் அதில்தான் நிற்கின்றன. முதுகுப் பக்கம் இரண்டு எஃகு ஸ்பிரிங்குகள் ஓடும். ஒவ்வொரு ஸ்பிரிங்கும் இரு முனையிலும் ஒவ்வோர் அலகைத் தாங்கும். அலகின் அடிக்கட்டையை (மூட்டில் சுழலும், கூரில்லாத அடிப்பகுதியை) ஸ்பிரிங் அழுத்திப் பிடிப்பதால்தான் அலகு திறந்து நிற்கிறது. பூட்டு எதுவும் கிடையாது. அலகுகளுக்கு நடுவிலும் பக்கங்களிலும் பித்தளைத் தகடுகள், அவற்றின்மேல் பிடி, பிடியின் நடுவே சின்னத் தகடு.

ஒரே ஸ்பிரிங்கில் இருக்கும் இரண்டு அலகையும் ஒரே நேரத்தில் பாதி திறந்து நிறுத்தாதீர்கள். ஸ்பிரிங் இரு முனையிலும் ஒருசேர வளையும். பழைய ஸ்பிரிங் முறிவது பெரும்பாலும் அப்படித்தான். நான்கையும் விசிறி போலப் பாதி விரித்துப் படம் எடுப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

அதிகாரபூர்வ முத்திரை இருந்தாதான் நல்ல கத்தியா?

சேகரிப்புக்கு முத்திரை முக்கியம், வேலைக்கு இல்லை. ஒரே ஆலையில், ஒரே அச்சில், ஒரே எஃகில் செய்த கத்திகளில் ஒன்றுக்கு ஸ்கவுட் சின்னத் தகடும் இன்னொன்றுக்கு 'கேம்ப்' என்ற தகடும் வைத்து விற்றார்கள். காட்டுக்குக் கொண்டுபோக முத்திரை இல்லாததை வாங்குங்கள். அதே பொருள் குறைந்த விலையில் கிடைக்கும்.

முதல் கத்தியா எதை வாங்கலாம்?

ஈரம், வியர்வை, எலுமிச்சைச் சாறு எல்லாவற்றுக்கும் நடுவில் புழங்கப்போகும் கத்தி என்றால் விக்டரினாக்ஸ் பயனியர். துருப்பிடிக்காத எஃகு, அலுமினியப் பிடி, கவலை குறைவு.

பழையதுதான் வேண்டும் என்றால் இரண்டு வழி. அமெரிக்க ராணுவத்துக்காக கமில்லஸ் செய்த, பிடி உட்பட முழுக்கத் துருப்பிடிக்காத எஃகாலான கத்தி ஒன்று. அதன் பிடியில் 'யூ.எஸ்.' என்று பொறித்திருக்கும். மற்றொன்று 1960களுக்குப் பிறகு கமில்லஸோ அல்ஸ்டரோ செய்த, டெல்ரின் பிளாஸ்டிக் பிடி போட்ட ஸ்கவுட் கத்தி. இவை ஏராளமாகச் செய்யப்பட்டவை. ஒன்று கெட்டாலும் இன்னொன்று கிடைக்கும். 1920களின் ரெமிங்டனை முதல் கத்தியாக வாங்கி, அதிலேயே சாணை பிடிக்கப் பழகாதீர்கள்.

இம்பீரியலின் 'கேம்ப் கிங்' வகை மிக மலிவாகக் கிடைக்கும். அதன் பிடி திடப்பொருள் இல்லை. மெல்லிய தகட்டை வளைத்து மேலே மாட்டிய கூடு. அலகு நன்றாகவே வெட்டும். ஆனால் கூடு கழன்று ஆட ஆரம்பித்தால் சரிசெய்வது கடினம்.

பழைய கத்தி எந்த வருஷத்துதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

பெரிய அலகைத் திறந்து, அடிக்கட்டையில் பொறித்திருப்பதை லென்ஸ் வைத்துப் படியுங்கள். ஆலையின் பெயர், ஊர், சின்னம் எல்லாம் அங்கேதான். கமில்லஸ் ராணுவக் கத்திகளில் ஆண்டே பொறித்திருக்கும். அலுமினியப் பிடி போட்ட 1961 மாதிரி சுவிஸ் படைவீரர் கத்தியிலும் ஆண்டின் கடைசி இரண்டு இலக்கம் இருக்கும். பிறந்த ஆண்டுக் கத்தியைத் தேடுபவர்களுக்கு இந்த இரண்டும்தான் எளிது.

பென்சில்வேனியா பிராட்ஃபோர்டின் கேஸ் கம்பெனி புள்ளிக் கணக்கு வைத்திருந்தது. 1970இல் பெயருக்குக் கீழே 10 புள்ளி. ஆண்டுக்கு ஒன்று குறைந்து 1979இல் ஒன்றே ஒன்று. 1965 முதல் 1969 வரை புள்ளி இல்லாமல் 'கேஸ் எக்ஸ்எக்ஸ் யூ.எஸ்.ஏ.' என்று மட்டும் இருக்கும். அதன் மாதிரி எண்ணிலும் தகவல் உண்டு: 6445ஆர் என்றால் முதல் 6 எலும்புப் பிடி, அடுத்த 4 நான்கு அலகு.

ஆண்டு எதுவும் இல்லையென்றால் பொருளை வைத்துக் கணியுங்கள். டெல்ரின் 1960 வாக்கில்தான் சந்தைக்கு வந்தது. எனவே டெல்ரின் பிடி போட்ட கத்தியை '1930களின் அசல்' என்று யாராவது சொன்னால், பிடியை மாற்றியிருக்கிறார்கள், இல்லையேல் சொல்வது தவறு. எலும்புப் பிடியையும் டெல்ரினையும் பிரித்தறிய, லென்ஸில் பிடியின் ஓரத்தைப் பாருங்கள். எலும்பில் பொடிப்பொடியாக மயிர்க்கண் துளைகளும் கோடுகளும் தெரியும். அம்மி கொத்தியதுபோல் பிடியில் இருக்கும் பள்ளங்களும் எலும்பில் ஒன்றுக்கொன்று சற்று மாறும். டெல்ரின் அச்சில் வார்த்தது. ஒரே மாதிரிக் கத்திகள் இரண்டை அருகருகே வைத்தால் பள்ளங்கள் அச்சடித்தாற்போல ஒத்துப்போகும்.

அதே பேருல இப்பவும் புதுசு விக்கிறாங்களே, அது அதே கம்பெனியா?

பெயர் அதே, ஆலை வேறு. இம்பீரியலின் பிற்காலப் பெயரான இம்பீரியல் ஷ்ரேட் 2004இல் மூடியது. கமில்லஸ் 2007இல் மூடியது. இரண்டின் பெயர்களையும் வேறு நிறுவனங்கள் வாங்கிக்கொண்டன. ரெமிங்டன் பெயரிலும் 1982 முதல் பழைய மாதிரிகளின் மறுபதிப்புகள் வருகின்றன. மறுபதிப்பு மோசம் என்று சொல்லவில்லை, சில நேர்த்தியானவை. பழையதின் விலையை அதற்குக் கொடுத்துவிடக் கூடாது என்பதுதான்.

அலகு பூரா கறுத்துக் கிடக்கு. துருவா?

விரல் நகத்தால் சுரண்டுங்கள். வழவழப்பாக, சாம்பல், நீலம், கறுப்பு கலந்து இருந்தால் அது கறைப்படலம். கார்பன் எஃகு பழம், வெங்காயம் வெட்டி வெட்டித் தானே போர்த்திக்கொண்ட மேல்தோல். செந்துரு பிடிப்பதை ஓரளவு தடுக்கும். அதை விட்டுவிடுங்கள். செம்மண் நிறத்தில் சொரசொரப்பாக, விரலில் ஒட்டினால் துரு. அதை எடுத்தே ஆக வேண்டும். விட்டால் எஃகைத் தின்று குழி போடும். குழி விழுந்தபின் அதை மறைக்க வழியில்லை.

துருவின்மேல் தையல் மெஷின் எண்ணெய் விட்டு ஒரு நாள் ஊறவிடுங்கள். பிறகு 0000 எண் ஸ்டீல் வுல்லால் (மிக மெல்லிய எஃகு இழைப் பஞ்சு), அலகின் நீளவாக்கில், எண்ணெயோடு சேர்த்து மெதுவாகத் தேயுங்கள். பிடிவாதமான இடங்களில் செம்புக் காசின் ஓரத்தால் சுரண்டலாம். செம்பு எஃகைவிட மென்மையானது என்பதால் அலகில் கீறல் விழாது. அடிக்கட்டை எழுத்துகள்மேலும், அலகின் பக்கவாட்டில் மங்கலாகத் தெரியும் அச்செழுத்துமேலும் ஸ்டீல் வுல் படவே கூடாது. அந்த அச்செழுத்து மயிரிழை ஆழம்தான். நாலு தேய்ப்பில் போய்விடும்.

பளபளன்னு பாலிஷ் போட்டு வித்தா நல்ல விலை வருமே?

வராது, இறங்கும். மோட்டார் சக்கரத்தில் பாலிஷ் போட்ட அலகில் விளிம்புகள் உருண்டு, எழுத்து மங்கி, நகம் கொடுத்து அலகைத் திறக்கும் நகப்பள்ளத்தின் ஓரம் வழிந்து நிற்கும். பார்த்த மாத்திரத்தில் தெரியும். சேகரிப்பவர் தேடுவது ஆலையில் தீட்டிய கோடுகள் இன்னும் தெரியும் அலகை. கறைப்படலம் போர்த்த நல்ல அலகு, பாலிஷ் போட்ட அலகைவிட மேல். சக்கரத்தில் சூடேறினால் எஃகின் பதமும் போகும். விளிம்பில் வைக்கோல் நிறமோ நீலமோ ஏறியிருந்தால் அந்த இடத்தில் பதம் இறங்கியிருக்கலாம். அப்படியானால் அங்கே கூர் நிற்காது.

திறக்கவே முடியலை, நகம் பிஞ்சிடும்போல இருக்கு.

நகத்தைக் காப்பாற்றுங்கள், இடுக்கியும் எடுக்காதீர்கள். இடுக்கியின் பல் அலகில் பதிந்தால் அழியாது. பெரும்பாலும் காரணம் சட்டைப்பைப் பஞ்சும் காய்ந்து பிசினான எண்ணெயும்தான். மூட்டுகளில் ஊடுருவும் எண்ணெய் இரண்டு சொட்டு விட்டு, அந்த முனை கீழே இருக்கும்படி ஓர் இரவு நிறுத்தி வையுங்கள். மறுநாள் நகப்பள்ளத்தில் மூங்கில் சீவலைக் கொடுத்துத் தூக்குங்கள். கொஞ்சம் அசைந்தால் மூடி, மறுபடி எண்ணெய், மறுபடி திறப்பு. வெளியே வரும் கறுப்புச் சாற்றைத் துணியால் துடைத்துக்கொண்டே இருங்கள். சாறு தெளிவாக வரும்வரை இதுதான் வேலை. துரு உறைந்திருந்தால் ஒரு வாரம்கூட ஆகும்.

முழுக்கத் துருப்பிடிக்காத எஃகுக் கத்தியை வெந்நீரும் சோப்பும் போட்டுக் கழுவி, நன்றாக உலர்த்தி, எண்ணெய் விடலாம். எலும்புப் பிடியை நீரில் ஊறவைக்காதீர்கள். வீங்கிச் சுருங்கும்போது ரிவெட் ஓரத்தில் விரிசல் விடும்.

எண்ணெய்னா தேங்காய் எண்ணெய் போடலாமா?

மூட்டுக்கு வேண்டாம். தேங்காய் எண்ணெய் குளிர்ந்த இடத்தில் உறையும். நல்லெண்ணெய் நாளடைவில் பிசுபிசுக்கும். மேலே சொன்ன பிசின் பாதி இப்படி வந்ததுதான். தையல் மெஷின் எண்ணெய் ஒரு மூட்டுக்கு ஒரு சொட்டு போதும். உணவு வெட்டும் அலகுக்கு மட்டும், உணவுத் தரம் என்று குறித்த மினரல் ஆயிலைத் துணியில் தொட்டுத் தடவுங்கள்.

எவ்வளவு தீட்டினாலும் கூர் வரமாட்டேங்குது.

கோணம் ஒரு நிலையில் இல்லாததுதான் அநேகமாகக் காரணம். ஒவ்வொரு பக்கமும் சுமார் 20 பாகை வையுங்கள். 13 மி.மீ. அகல அலகென்றால், முதுகு கல்லிலிருந்து சுமார் 4.5 மி.மீ. உயரத்தில் நிற்க வேண்டும். அந்த உயரத்துக்கு அட்டைகளை அடுக்கி, முதல் சில இழுப்புக்குக் கண்ணைப் பழக்குங்கள்.

இன்னொரு காரணம் பிசிறு வரும்முன் பக்கம் மாற்றுவது. ஒரு பக்கமாகத் தீட்டிக்கொண்டே போனால் மறுபக்க விளிம்பில் மெல்லிய பிசிறு எழும். கட்டைவிரலை முதுகிலிருந்து விளிம்பை நோக்கி வெளிப்பக்கமாக வழித்தால் தட்டுப்படும். அடியிலிருந்து நுனிவரை பிசிறு எழுந்த பிறகே பக்கம் மாற்றுங்கள். பிறகு நுண்ணிய கல்லில், அழுத்தத்தைக் குறைத்து, ஓர் இழுப்புக்கு ஒரு பக்கமாக மாற்றி மாற்றிப் பத்துப் பதினைந்து முறை. கடைசியில் பழைய தோல் பெல்ட்டின் உட்புறத்தில், முதுகு முன்னே போக, விளிம்பு பின்னால் வர இழுத்தால் மிச்சப் பிசிறும் போகும்.

தெருச் சாணைச் சக்கரத்தில் கொடுக்காதீர்கள். பாலிஷ் கேள்வியில் சொன்ன சூடு இங்கேயும் உண்டு. போதாததற்கு அலகின் அகலமும் குறையும். ஐம்பது ஆண்டுக் கத்தியை ஐந்து தடவையில் ஊசியாக்கிவிடலாம்.

டின் ஓப்பனர் வழுக்கிக்கிட்டே போகுது, எப்படிப் பிடிக்கிறது?

சுவிஸ் வகையில் சின்னக் கொக்கி டப்பாவின் விளிம்புக்கு அடியில், வெளிப்பக்கம் மாட்ட வேண்டும். வெட்டும் முனை விளிம்பின் உட்பக்கம் நிற்கும். பிடியைத் தூக்கினால் முனை தகரத்துக்குள் இறங்கும். அடுத்து அரை சென்டிமீட்டர் நகர்த்தி மறுபடி தூக்கு. பெரிதாக வெட்ட முயன்றால் வழுக்கும். கடி சிறிதாக இருக்கட்டும். விக்டரினாக்ஸ் முன்னோக்கி நகர்ந்து வெட்டும், இன்னொரு சுவிஸ் கம்பெனியான வெங்கரின் கத்தி பின்னோக்கி. ஒன்றில் பழகியவர் மற்றதைக் கையில் எடுத்ததும் தடுமாறுவது இதனால்தான்.

வெட்டிய மூடியின் ஓரம் கத்தியைவிட மோசமாக அறுக்கும். முழுக்க வெட்டாமல் ஒரு விரல் அகலம் விட்டு, மூடியை ஸ்பூனால் மடக்குங்கள்.

லாக் இல்லையே, விரல் மேல மூடிக்காதா?

மூடிக்கொள்ளும், தவறாகப் பிடித்தால். விளிம்புப் பக்கம் அழுத்தும்வரை ஸ்பிரிங்கும் அழுத்தமும் சேர்ந்து அலகைத் திறந்தே வைக்கும். முதுகின்மேல் அழுத்தம் விழுந்தாலோ, நுனியால் குத்தினாலோதான் மடங்கும். எனவே இந்தக் கத்தியால் குத்தவே கூடாது. மரத்தில் சிக்கிய அலகை மேலும் கீழும் ஆட்டாமல், வந்த வழியே நேராக இழுங்கள்.

அதிகம் காயம் தருவது குத்தூசி. பெல்ட்டில் துளை போட, அடியில் மரத்துண்டு வைத்து, கத்தியைச் செங்குத்தாகப் பிடித்து, அழுத்தாமல் திருகுங்கள். குத்தூசிக்குப் பெரும்பாலும் ஒரு பக்கம்தான் கூர். அந்தப் பக்கம் திருகினால் சீவும், எதிர்ப்பக்கம் திருகினால் வெறுமனே தேய்க்கும். சுட்டுவிரல் மடங்கும் பாதையில் இருக்கக் கூடாது.

விறகு பிளக்கலாமா? கட்டையால தட்டிப் பிளக்கிற மாதிரிப் பார்த்தேன்.

அது முழு நீள எஃகு ஓடும் நிலைக்கத்திக்கு. மடக்குக்கத்தியில் ஒவ்வொரு தட்டும் மூட்டு ஆணியில்தான் போய் விழும். ஆணி வளைந்தால் அலகு பக்கவாட்டில் ஆடும், அந்த ஆட்டம் பிறகு போகாது. கட்டைவிரல் தடிமன் குச்சியைச் சுற்றிலும் சரிவாக வெட்டி ஒடிக்கலாம். நெருப்பு மூட்டக் குச்சியில் சுருள் சுருளாகச் சீவி, சீவலை அறுந்து விழாமல் நிறுத்தலாம். அதற்கு இந்தக் கத்திதான் சரியான அளவு.

எந்த வயசுல பிள்ளை கையில கொடுக்கலாம்?

வயதைவிடப் பழக்கம் முக்கியம். அமெரிக்க ஸ்கவுட் இயக்கம் (2025 பிப்ரவரி முதல் 'ஸ்கவுட்டிங் அமெரிக்கா') வளர்ந்த பிள்ளைகளுக்கு 'டோட்டின் சிப்' என்று அனுமதி அட்டை வைத்திருக்கிறது. விதிகளைக் கற்றுச் செய்துகாட்டினால்தான் அட்டை. விதி மீறினால் அட்டையின் ஒரு மூலையை வெட்டிவிடும் வழக்கம் பல குழுக்களில் உண்டு. நான்கு மூலையும் போனால் கத்தியும் போகும்.

வீட்டில் தொடங்க மூன்று பழக்கம் போதும். உட்கார்ந்துதான் சீவ வேண்டும், முழங்கைகளை முழங்காலில் ஊன்றி, தொடைகளுக்கு நடுவில் இல்லாமல் வெளியே. கை நீட்டிச் சுற்றினால் எட்டும் தூரத்தில் யாரும் இருக்கக் கூடாது. அடுத்தவருக்குக் கொடுக்கும்போது மூடித்தான் கொடுக்க வேண்டும். மழுங்கிய கத்தியைக் கொடுத்தால் ஆபத்தில்லை என்று நினைப்பது தவறு. மழுங்கினால் பலம் கொடுத்து அழுத்துவார்கள், அப்போதுதான் வழுக்கும்.

பத்திரமா தோல் உறையில போட்டுப் பெட்டியில வச்சேன். எடுத்துப் பார்த்தா துரு. எப்படி?

உறைதான் காரணம். தோல் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், பதனிட்ட உப்பும் அமிலமும் அதில் மிச்சமிருக்கும். பித்தளைத் தகட்டோரம் பச்சையாகப் பூத்திருந்தால் அதுவும் இதனால்தான். உறையைத் தனியாக, கத்தியைத் தனியாக வையுங்கள். மெல்லிய எண்ணெய் பூசி, பருத்தித் துணியில் சுற்றி, சிலிகா ஜெல் பொட்டலத்தோடு வைத்தால் போதும்.

உறை இல்லாமலே துருப்பிடித்தால், கூட இருந்த கத்திகளைப் பாருங்கள். முத்துச்சிப்பி போலவோ வண்ணக் குழம்பு போலவோ மினுங்கும் பழைய செல்லுலாய்டு பிடி ஏதாவது இருக்கிறதா? செல்லுலாய்டு முதுமையில் சிதையும்போது அமில ஆவி விடும். அது தன் அலகை மட்டுமல்ல, பெட்டியில் இருக்கும் எல்லாக் கத்தியையும் அரிக்கும். கற்பூர நெடி, சுருக்கம், பிடியோரத்தில் மட்டும் துரு, இவைதாம் அறிகுறி. அந்தக் கத்தியை அன்றே பிரித்து, காற்றோட்டமான இடத்தில், நெருப்புக்கு எட்டாமல் வையுங்கள். செல்லுலாய்டு சடுதியில் பற்றிக்கொள்ளும்.

சட்டைப்பையில வச்சுக்கிட்டு வெளியே போகலாமா? விமானத்துல?

இங்கிலாந்தில் வெட்டும் விளிம்பு 3 அங்குலத்துக்கு மேற்படாத, பூட்டில்லாத மடக்குக்கத்தியைக் காரணம் சொல்லாமலே வைத்துக்கொள்ளலாம். ஸ்கவுட் கத்தி அதற்குள் அடங்கும். அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம், ஊருக்கு ஊர் விதி மாறும். பள்ளி வளாகத்துக்குள் கொண்டுபோகவே கூடாது. ஸ்கவுட் கூட்டம் பள்ளியில் நடந்தாலும் அப்படித்தான். விமானத்தில் கைப்பையில் வைக்காதீர்கள். செக்-இன் பெட்டியில், மூடி, துணியில் சுற்றி வையுங்கள்.

விக்கிறவர் 'பிரிக்காத அசல்'னு சொல்றார். நம்பறது எப்படி?

நான்கு அலகின் தேய்மானமும் ஒத்துப்போகிறதா பாருங்கள். பெரிய அலகு புதிதுபோல, குத்தூசி துருக்குழியோடு இருந்தால் அலகு மாற்றியது. ரிவெட் தலைகள் ஒன்று மங்கல், ஒன்று பளிச் என்றால் பிரித்து மாட்டியது. சின்னத் தகடு பள்ளத்தில் இடைவெளியின்றி உட்கார வேண்டும். சுற்றிலும் பசையோ இடைவெளியோ தெரிந்தால், சாதாரண கேம்ப் கத்திக்கு ஸ்கவுட் முத்திரை ஒட்டியிருக்கலாம். மூடும்போது ஒவ்வோர் அலகும் 'டக்' என்று விழ வேண்டும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால், திறந்த நிலையில் ஸ்பிரிங்குக்கும் பித்தளைத் தகட்டுக்கும் இடையே ஒளி கசியக் கூடாது.

மூடினாலும் நுனி வெளியே நீட்டிக்கிட்டு நிக்குது. நுனியைத் தேய்ச்சுடலாமா?

முதலில் காரணம் பாருங்கள். உடைந்த நுனியை யாரோ விளிம்புப் பக்கமாகத் தேய்த்துக் கூராக்கியிருந்தால், நுனி முதுகுப் பக்கம் உயர்ந்து பிடிக்கு வெளியே வரும். இதற்கு முதுகுப் பக்கத்திலிருந்து தேய்த்து நுனியைக் கீழே இறக்க வேண்டும். கல்லில், கையால், அடிக்கடி நீரில் நனைத்து.

நுனி அசல் வடிவில் இருந்தும் நீட்டினால், அடிக்கட்டையின் கீழே, விளிம்பு தொடங்கும் இடத்துக்கு முன்னால் ஒரு சின்ன மேடு இருக்கும். மூடியபோது ஸ்பிரிங்கில் முட்டி நின்று, அலகு எவ்வளவு உள்ளே போகலாம் என்று தீர்மானிப்பது அதுதான். அதை நுண்ணிய அரத்தால் இரண்டே இழுப்பு தேய்த்து, மூடிப் பார்த்து, மறுபடி இரண்டு இழுப்பு. ஒரு தடவையில் முடிக்கப் பார்க்காதீர்கள். மேடு அதிகம் குறைந்தால் கூர் விளிம்பே ஸ்பிரிங்கில் மோதி, ஒவ்வொரு மூடலுக்கும் அதே இடம் மழுங்கும். மோதுகிறதா என்று அறிய, ஸ்பிரிங்கின் உட்புறம் மெழுகுவர்த்தியைத் தேய்த்து, அலகை மெதுவாக மூடித் திறங்கள். மெழுகில் கோடு விழுந்தால் போதும், நிறுத்திவிடுங்கள்.